உதறல் வக்கீல் வாதாடிய ஒரே வழக்கு

மயிலாப்பூரில் உதறல் வக்கீல் பயப்படாத பொருள் ஏதாவது ஒன்று இருந்திருக்கலாம். தொண்ணூறுகளில் அந்த வட்டாரத்தில் குடியிருந்த எவரும் அதைக் கண்டதில்லை.

நாய்க்குப் பயப்படுகிறவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. நம் வக்கீல் 'நாய்கள் ஜாக்கிரதை' என்று எழுதிய பலகையைப் பார்த்தாலே எதிர்ச்சாரிக்குப் போய்விடுவார். அந்த வீட்டு நாய் செத்து வருஷக்கணக்காகிறது என்று வீட்டுக்காரரே வந்து சத்தியம் செய்தாலும், "இருக்கட்டும் சார், அதுக்கு அக்கா தங்கை இருக்கும்" என்பார். மின்விசிறிக்கு நேர் கீழே உட்கார மாட்டார், கழன்று தலையில் விழுந்துவிடுமாம். விசிறி இல்லாத மூலையிலும் உட்கார மாட்டார், அங்கே சுவரில் பல்லி இருக்குமாம். தபால்காரர் வாசலில் நின்று 'சார்' என்று கூப்பிட்டால், "யாருக்கு என்ன ஆச்சு?" என்றுதான் உள்ளிருந்து குரல் வரும். வந்திருப்பது கல்யாணப் பத்திரிகையாக இருக்கும்.

நான் அப்போது கோயில் குளத்துக்குப் பக்கத்துச் சந்தில் ஒரு டைப்பிங் கடையில் வேலை பார்த்தேன். வாடகை ஒப்பந்தம், பெயர் மாற்றம், பிரமாணப் பத்திரம் என்று கையால் எழுதிக்கொண்டுவந்து டைப் அடிக்கக் கொடுப்பார். எழுதும்போதே கை நடுங்குவதால் ஒவ்வொரு எழுத்தும் பக்கத்து எழுத்தின்மேல் சாய்ந்து நிற்கும். கடையில் அதைப் படிக்க என் ஒருத்தியால்தான் முடியும். அதனால் என்மேல் அவருக்கு ஒரு தனி மரியாதை. நான் லீவு போட்டால் அன்றைக்கு அவர் தொழிலும் லீவு.

ஒல்லியான, உயரமான மனிதர். யாரோ பின்னாலிருந்து தோளைத் தட்டிவிடப் போகிறார்கள் என்பதுபோல் உடம்பைக் குறுக்கிக்கொண்டு நடப்பார். மனைவி காலமாகிவிட்டார். ஒரே பெண் கல்யாணமாகி வடக்கே போய்விட்டாள். பெரிய பழைய வீட்டில் தனியாக இருந்தார்.

வக்கீல்தான். ஆனால் கோர்ட்டுக்குப் போகாத வக்கீல். இளவயதில் ஒரே ஒரு தடவை போனாராம். சீனியர் வரத் தாமதமாகவே இவரை எழுந்து நிற்கச் சொல்லியிருக்கிறார்கள். நீதிபதி கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து, "யெஸ்?" என்றிருக்கிறார். இவர், "மன்னிச்சுடுங்கோ, இனிமே வரமாட்டேன்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டார். சொன்ன சொல்லைக் காப்பாற்றவும் செய்தார், என் கை உடையும் வரை.

என் கை உடைந்தது திருவான்மியூரில். ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒருவருக்கு டைப் அடித்த காகிதக் கட்டைக் கொடுப்பதற்காகக் காலை வேளையில் சைக்கிளில் போய்க்கொண்டிருந்தேன். ஒரு தெருவுக்குள்ளிருந்து தண்ணீர் லாரி ஒன்று ஹார்ன்கூட அடிக்காமல் திரும்பியது. நான் பார்த்தது அதன் பச்சை நிற வயிற்றை மட்டும்தான். பிறகு ரோடு என் முகத்துக்கு மிக அருகே இருந்தது. லாரியிலிருந்து குதித்தவன் என்னைப் பார்த்தான், ரோட்டைப் பார்த்தான், மறுபடி ஏறி ஓட்டிக்கொண்டு போய்விட்டான். எதிரே மரத்தடியில் சைக்கிள் பங்ச்சர் கடை வைத்திருந்த பாய்தான் ஓடிவந்து தூக்கினார். "கைய ஆட்டாத பாப்பா, ஆட்டாத" என்று சொல்லிக்கொண்டே ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்.

வலது மணிக்கட்டு. உள்ளே கம்பி வைத்துக் கட்டினார்கள். கட்டுப் பிரித்தபோது கை இருந்தது, ஆனால் மடங்கவில்லை. டாக்டர் ஒரு பேனாவைக் கொடுத்துப் பிடிக்கச் சொன்னார். பேனா கீழே விழுந்தது. அப்பா இல்லாத வீடு. அம்மா ஒரு பள்ளிக்கூடத்தில் ஆயா. என் பத்து விரலை நம்பித்தான் பாதி அடுப்பு எரிந்தது. பேனா தரையில் விழுந்த அந்தச் சத்தம் ரொம்ப நாள் என் காதிலேயே இருந்தது.

உதறல் வக்கீல் ஆரஞ்சுப் பழத்தோடு பார்க்க வந்தார். என் கையைப் பார்த்தார். அவ்வளவுதான், முகம் வெளுத்து, கால் தள்ளாடி, என்னைக் கட்டிலிலிருந்து எழுப்பிவிட்டு அவரைப் படுக்கவைக்க வேண்டியதாயிற்று. அம்மா ஓர் ஆரஞ்சை உரித்து அவருக்கே கொடுத்தாள்.

தெளிந்ததும் எழுந்து உட்கார்ந்து, "நஷ்டஈடு கேட்டு கேஸ் போடணும்மா. விபத்துக்குன்னே தனி கோர்ட் இருக்கு, பாரிமுனையில. கொழந்தை ஜீவனமே கையிலதானே இருக்கு, விடப்படாது" என்றார்.

"அப்ப நீங்களே போடுங்க சார்" என்றாள் அம்மா.

"யாரு, நானா?" என்று அவர் தனக்குப் பின்னால் திரும்பிப் பார்த்தார்.

தனக்குத் தெரிந்த வக்கீல்களையெல்லாம் போய்ப் பார்த்தார். முதலில் எல்லாரும் சரி என்றார்கள். லாரி யாருடையது என்று கேட்டதும் எல்லாருக்கும் வேறு வேலை வந்துவிட்டது. அது யார் லாரி என்று ஆட்டோவில் போகும்போதே பாய் என்னிடம் சொல்லியிருந்தார். அதன் சொந்தக்காரரை அந்தப் பேட்டை முழுக்க 'நைனா' என்றுதான் கூப்பிடும். தண்ணீர் லாரிகள், மணல் லாரிகள், கூடவே எப்போதும் சில ஆட்கள். அவருக்கு இந்த வழக்கு பிடிக்காமல் போனதற்குக் காரணம் இருந்தது. அன்று லாரியை ஓட்டியவன் டிரைவர் அல்ல, லைசென்ஸ் இல்லாத கிளீனர். அது கோர்ட்டில் தெரிந்தால் இன்சூரன்ஸ் கம்பெனி கையை விரித்துவிடும். நைனாதான் தன் பையிலிருந்து எடுத்துவைக்க வேண்டும். அதனால் லாரி அந்தப் பக்கமே வரவில்லை, பெண் மணலில் சறுக்கித் தானாக விழுந்தாள் என்று ஒரு கதை கட்டிவிட்டார்கள்.

கடைசியில் வேறு ஆள் கிடைக்காமல் உதறல் வக்கீலே வழக்கைப் போட்டார். வக்காலத்தில் அவர் போட்ட கையெழுத்து, இதய நோயாளிக்கு எடுத்த படம் மாதிரி இருந்தது.

நோட்டீஸ் போனதும் நைனாவே எங்கள் வீட்டுக்கு வந்தார். சத்தம் போடவில்லை. ஒரு சீப்பு வாழைப்பழத்தை அம்மா கையில் கொடுத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். வெள்ளைச் சட்டை, நெற்றியில் விபூதி, மெல்லிய குரல்.

"இன்னா பாப்பா, கை எப்டி கீது?"

"மணல்ல டயரு வழுக்கிச்சு. நீயா வுழுந்த. அதான் நடந்துச்சு, இன்னா? வயசுப் பொண்ணு கோர்ட்டு கேஸுன்னு அலஞ்சிகினு இருந்தா நல்லாவா கீது?" எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார்: "ஊருல தண்ணிக் கஷ்டம். ராவும் பகலும் லாரிங்க ஓடிக்கினேதான் இருக்கும். பாத்துப் போ."

அவர் போனபிறகு அம்மா அந்த வாழைப்பழத்தை எங்கே வைப்பதென்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள். சாப்பிடவும் பயம், தூக்கிப்போடவும் பயம்.

மறுநாள் காலையில், வழக்கை வாபஸ் வாங்கிவிடுங்கள் என்று சொல்ல நானும் அம்மாவும் வக்கீல் வீட்டுக்குப் போனோம். கூடத்தில் நைனா உட்கார்ந்திருந்தார். கதவருகே அவருடைய ஆட்கள் இரண்டு பேர். நடுவில் ஊஞ்சலில் நம் வக்கீல். ஊஞ்சல் சங்கிலிகள் நான்கும் கிணிகிணிவென்று அடித்துக்கொண்டிருந்தன.

"ஊஞ்சல நிறுத்து சாமி. தல சுத்துது" என்றார் நைனா.

"நான் ஆட்டலை. நான் நடுங்கறேன், அது கூடவே ஆடறது."

வாபஸ் மனுவை முன்கூட்டியே யாரிடமோ டைப் அடித்து வாங்கி வந்திருந்தார்கள். பேனாவை வக்கீல் கையில் திணித்தார்கள். பேனா விழுந்தது. எடுத்துக் கொடுத்தார்கள், மறுபடி விழுந்தது. மூன்றாம் முறை ஒருவன் அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான். அவனுடைய கையும் சேர்ந்து ஆடியது. பேனா காகிதத்தில் கீழிருந்து மேலே ஏறி, டைப் அடித்த வரிகளுக்குள் புகுந்து, மை கொட்டி, கடைசியில் காகிதத்தைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்தது.

நைனா அதைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். "இது இன்னா, கையெழுத்தா? கோலமா?"

வக்கீல் வேண்டுமென்று செய்தாரா, நிஜமாகவே வரவில்லையா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. பிற்காலத்தில் கேட்டேன். தனக்கும் தெரியாது என்றார்.

நைனா என் பக்கம் திரும்பினார். "இன்னொரு காயிதம் கீது. பாப்பா, நீ போடு."

அம்மா என் முதுகுக்குப் பின்னால் நின்று என் தாவணியைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அவள் மூச்சு என் கழுத்தில் பட்டது. நான் கையை நீட்டிவிட்டேன். போட்டுவிட வேண்டும், போட்டுவிட்டு வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்ள வேண்டும் என்பது மட்டும்தான் மனத்தில் இருந்தது. பேனா என் விரல்களில் நிற்கவில்லை.

"அவ எப்படிப் போடுவா?" என்று ஒரு குரல் கேட்டது. "அந்தக் கையைத்தானே உங்க லாரி ஒடச்சுது?"

ஊஞ்சல் நின்றுவிட்டது. சொன்னவர் தன் வாயை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு, யார் பேசியது என்பதுபோல் எங்களைப் பார்த்தார்.

நைனா மெதுவாகச் சொன்னார்: "லாரி ஒடைக்கல சாமி."

"சரி, ஒடைக்கலை." வக்கீல் வேகமாகத் தலையாட்டினார். பிறகு விரல்களுக்கு நடுவிலிருந்து, மிகச் சின்னதாக, "ஆனா ஒடச்சுது" என்று வந்தது.

நைனா எழுந்தார். அடிக்கப்போகிறார் என்று நினைத்தேன். அவர் வக்கீலை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "கோர்ட்டுக்கு வா. பாத்துக்கலாம்" என்று சொல்லிவிட்டு ஆட்களோடு கிளம்பினார்.

"போயிட்டாளா?"

"போயிட்டாங்க சார்."

"கதவைத் தாப்பாள் போடு. ஜன்னலையும் சாத்து. அந்த ஜன்னல் இல்லை, எல்லா ஜன்னலையும்."

இருட்டில் உட்கார்ந்துகொண்டு அம்மா அழுதாள். "வேணாம் சார். கையோட போகட்டும். வாபஸ் வாங்கிடுங்க."

"வாங்கிடலாம்மா. நேக்கும் அதான் ஆசை" என்றார் வக்கீல். "ஆனா வாபஸ் வாங்கறதுக்கும் நான் கோர்ட்டுல போய் நின்னு சொல்லணுமே. எப்படியும் போய் நடுங்கப்போறோம். அதுக்குக் கேஸையே நடத்திட்டு வந்துடலாமே."

அழுகையின் நடுவே அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வழக்கு அப்படித்தான் தொடர்ந்தது.

ஆனால் அதற்குப் பிந்தைய வாரங்கள் லேசாகப் போகவில்லை. டைப்பிங் கடையில் என்னை வேலையை விட்டு நிறுத்தவில்லை. இடது கையால் முடிந்ததைச் செய் என்றார்கள். ஒருநாள் மாலை கடையிலிருந்து அம்மாவோடு நடந்து வரும்போது பின்னால் தண்ணீர் சொட்டும் சத்தம் கேட்டது. திரும்பினால் பச்சை லாரி. ஹார்ன் அடிக்கவில்லை, முந்தவும் இல்லை. நாங்கள் நடக்கிற வேகத்திலேயே வந்தது. நாங்கள் நின்றால் அதுவும் நின்றது. அம்மா என்னைச் சுவரோடு சேர்த்து அழுத்திக்கொண்டு எனக்கு முன்னால் நின்றாள். லாரி எங்களை உரசுகிற மாதிரி கடந்து, தெருமுனையில் திரும்பிப் போய்விட்டது. அம்மாவின் புடவையெல்லாம் தண்ணீர். அன்று முதல் எந்த வண்டி கியர் மாற்றினாலும் என் மணிக்கட்டுக்குள் இருந்த கம்பி வலித்தது.

இதை வக்கீலிடம் சொன்னோம். சொல்லியிருக்கவே கூடாது என்று உடனே தோன்றியது. தண்ணீர், தண்ணீர் என்று கேட்டு ஒரு சொம்பு முழுக்கக் குடித்தார். மறுநாள் காலையில் நான் வேலைக்குக் கிளம்பும்போது எங்கள் வாசலில் குடையோடு நின்றுகொண்டிருந்தார்.

"என்ன சார்?"

"துணைக்கு வந்தேன்."

யாருக்கு யார் துணை என்று நான் கேட்கவில்லை. அவர் சுவரோரமாக ஒட்டிக்கொண்டு நடந்தார், நான் ரோட்டுப் பக்கம். பத்தடி போனதும் சட்டென்று நின்றார். தன்னைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ரோட்டைப் பார்த்தார். பிறகு கண்ணை இறுக்க மூடிக்கொண்டு என்னைச் சுற்றிவந்து ரோட்டுப் பக்கம் நின்றார். வழக்கு முடியும் வரை தினமும் அப்படித்தான் என்னைக் கொண்டுவிட்டார். ஒவ்வொரு பஸ் கடக்கும்போதும் குடை விரிந்துவிடும். விரித்துப் பிடித்தால் பஸ் மோதாது என்று நினைத்தாரோ என்னவோ.

எங்கள் தரப்பில் நேரில் பார்த்த சாட்சி ஒருவர்தான், பங்ச்சர் கடை பாய். அவரைக் கேட்பதற்காக வக்கீலும் நானும் திருவான்மியூருக்குப் பஸ் ஏறினோம். பாய் எங்களைப் பார்த்ததும் டியூபைத் தண்ணீர்த் தொட்டியில் முக்கிவிட்டுத் தலை நிமிராமல் இருந்தார்.

"பாப்பா, நீ நல்லா இருக்கணும். ஆனா என்னை வுட்ரு. நைனா இந்த மரத்த வெட்டச் சொன்னா மரம் போச்சு, கடை போச்சு. அஞ்சு புள்ளைங்கள வச்சிகினு நான் எங்க போறது?"

நான் வக்கீலைப் பார்த்தேன். ஏதாவது தைரியமாகச் சொல்லுங்களேன் என்று கண்ணால் கெஞ்சினேன். அவர் பழைய டயர் ஒன்றின்மேல் உட்கார்ந்தார்.

"பாய், பயப்படாதேன்னு சொல்லத்தான் வந்தேன். பஸ்ஸுல வரச்சே நன்னா ஒத்திகை பார்த்துண்டு வந்தேன். வாயில வரலை. நேக்கே ராத்திரியெல்லாம் தூக்கம் இல்லை. கோர்ட்டுல நின்னா விழுந்துடுவேனோன்னு இருக்கு." அவர் குரல் உடைந்தது. "நீ வந்தா நன்னா இருக்கும். ரெண்டு பேருமா சேர்ந்து பயப்படலாம். தனியாப் பயப்படறது ரொம்பக் கஷ்டமா இருக்கு பாய்."

பாய் அப்போதுதான் நிமிர்ந்தார். "இன்னா வக்கீல் சார் நீ? சாட்சி கேக்க வந்துட்டு அழுவுற?"

"ஆமாம்" என்று மூக்கைத் துடைத்துக்கொண்டார் வக்கீல்.

பாய் எங்களுக்கு டீ வாங்கிக் கொடுத்தார். வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை.

விசாரணை நாள் வந்தது. கோர்ட்டு வராந்தாவில் நைனாவின் ஆட்கள் தூணுக்கு ஒருவராக நின்றிருந்தார்கள். அவர்களைத் தாண்டித்தான் உள்ளே போக வேண்டும். யாரும் தொடவில்லை, திட்டவில்லை. நாங்கள் கடக்கும்போது பேச்சை மட்டும் நிறுத்தினார்கள். வக்கீல் அணிந்திருந்த கறுப்பு கோட்டில் அந்துருண்டை வாசனை. பித்தான்கள் ஒரு துளை மாறிப் போட்டிருந்ததால் அவரே ஒரு பக்கமாகச் சாய்ந்த மாதிரி இருந்தார். பாயைக் காணவில்லை.

டவாலி என் பெயரை மூன்று முறை கூவினார். "தனலட்சுமி! தனலட்சுமி! தனலட்சுமி!" ஏதோ நான்தான் யாரையோ இடித்துவிட்டு வந்தவள்போல் தலையைக் குனிந்துகொண்டு எழுந்தேன்.

உதறல் வக்கீல் எழுந்தார். முன்னால் இருந்த மேஜையைப் பிடித்துக்கொண்டார். மேஜைமேல் இருந்த கண்ணாடி டம்ளர் நடந்து ஓரத்துக்குப் போயிற்று.

நீதிபதி வயதானவர். "உடம்பு சரியில்லையா? உட்கார்ந்துகொண்டே பேசுங்கள்" என்றார்.

"வேண்டாம் யுவர் ஆனர். உட்கார்ந்தா மறுபடி எழுந்திருக்க மாட்டேன்."

என்னைக் கூண்டில் ஏற்றினார்கள். நடந்ததைச் சொன்னேன். நைனாவின் வக்கீல் கனத்த குரல்காரர். மணலில் சறுக்கினாயா, வேகமாக வந்தாயா, சைக்கிள் பிரேக் பழசா என்று துரத்தித் துரத்திக் கேட்டார். "லாரி எண்ணைப் பார்த்தாயா?" என்றார். பார்க்கவில்லை. "அப்படியானால் லாரியே வரவில்லை என்கிறேன். என்ன சொல்கிறாய்?" கூட்டத்தில் நைனா விபூதி நெற்றியோடு அமைதியாக என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் கணத்தில், ஆமாம், லாரியே வரவில்லை என்று சொல்லிவிட்டு ஓடிவிடத்தான் நினைத்தேன். உதறல் வக்கீலைப் பார்த்தேன். அவர் என்னைவிட மோசமான நிலையில் இருந்தார். ஆனால் நின்றுகொண்டிருந்தார்.

"வந்துச்சு" என்றேன். "பச்சை லாரி."

அப்போது கதவருகே ஒரு சலசலப்பு. பாய் வந்திருந்தார். வெளுத்த சட்டை, தலையில் தொப்பி, கையில் மட்டும் கிரீஸ் போகவில்லை.

அவரைக் கூண்டில் பார்த்ததும் உதறல் வக்கீலுக்குச் சந்தோஷத்தில் கேட்க வேண்டிய கேள்வியெல்லாம் மறந்துவிட்டது. "நீங்க... சாப்பிட்டேளா?" என்று கேட்டார்.

"சாப்ட்டேன் சார்" என்றார் பாய்.

கோர்ட்டே சிரித்தது. வக்கீல் சுதாரித்துக்கொண்டு, "லாரி இந்தப் பொண்ணை இடிச்சுதா?" என்றார்.

"அப்ஜெக்ஷன்!" என்று கனத்த குரல் இடித்தது. உதறல் வக்கீல் மேஜைக்குக் கீழே போய்விட்டார். டவாலி குனிந்து அவரை மீட்டு நிறுத்தினார். பதிலைச் சாட்சியின் வாயில் வைக்காமல் கேளுங்கள் என்று நீதிபதி பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார்.

"அன்னிக்கு... என்ன பார்த்தேள்?"

பாய் பார்த்ததைப் பார்த்தபடி சொன்னார். லாரி திரும்பியது, இடித்தது, ஓட்டியது கிளீனர், பெயர் இன்னது, தன் கடையில்தான் அவன் பீடி பற்றவைக்க நெருப்பு கேட்பான். கூட்டத்தில் நைனா முதல்முறையாக அசைந்து உட்கார்ந்தார்.

கனத்த குரல்காரர் எழுந்தார். "யார் சொல்லிக்கொடுத்து இதைச் சொல்கிறாய்? இவ்வளவு நாள் ஏன் போலீஸில் சொல்லவில்லை?"

"பயம் சார்."

"இன்றைக்கு மட்டும் பயம் போய்விட்டதா?"

"எங்க போச்சு? இப்பவும் கீது." பாய் உதறல் வக்கீலைக் கைகாட்டினார். "அதோ அந்த வக்கீலப் பாருங்க. கால் நிக்கல, கை நிக்கல, அவரு மட்டும் நின்னுகினு கீறாரு. இந்தப் பொண்ணு அவருக்கு சொந்தமா, பந்தமா? அவரே ஓடலை. நான் எப்டி சார் ஓடறது?"

இதற்கு யாரும் சிரிக்கவில்லை. நீதிபதி எழுதுவதை நிறுத்திவிட்டு உதறல் வக்கீலைச் சற்று நேரம் பார்த்தார். அவர் பார்ப்பதைக் கண்டு இவர், "மன்னிச்சுடுங்கோ" என்றார்.

தீர்ப்பு எங்கள் பக்கம் வந்தது. நைனாதான் கொடுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். தன் காதில் தப்பாக விழுந்திருக்குமோ என்று வக்கீலுக்குச் சந்தேகம். டவாலி, எழுத்தர், வாசலில் டீ விற்றவர் என்று எல்லாரிடமும் கேட்டு உறுதி செய்துகொண்டார்.

வராந்தாவில் நைனா எங்களை வழிமறித்தார். நாங்கள் இருவரும் ஒரே தூணுக்குப் பின்னால் ஒளியப் பார்த்தோம்.

"சாமி, ஓடாத. எனக்கு சொந்தமா ஒரு கேஸ் கீது, பங்காளி தகராறு. எவ்ளோ வக்கீலுக்குக் கொட்டிக் குடுத்துட்டேன், ஒருத்தனும் உன்ன மாதிரி நிக்கல. நீ எட்துக்க."

வேண்டாம் என்று சொல்லப் பயந்து, சரி என்று சொல்லிவிட்டார். வீட்டுக்கு வந்ததும் சரி என்று சொன்னதற்குப் பயந்து ஜுரத்தில் படுத்தார். ஜுரம் விட்டதும், தான் தொழிலிலிருந்தே ஓய்வுபெற்றுவிட்டதாக நைனாவுக்கு ஆள்விட்டுச் சொல்லியனுப்பினார். நைனா பணத்தை இழுத்தடித்துத்தான் கொடுத்தார், ஆனால் கொடுத்தார். அதில் என் கைக்கு இன்னோர் ஆபரேஷன் நடந்தது. பேனா பிடிக்க வந்தது. பழைய வேகம் வரவில்லை. கம்ப்யூட்டர் கற்றுக்கொண்டு, மெதுவாக அடித்தாலும் குறை சொல்லாத ஒரு பத்திரிகை அலுவலகத்தில் சேர்ந்தேன்.

பாய்க்குத்தான் அவர் பயந்தபடியே நடந்தது. ஒருநாள் விடியும்போது மரம் இருந்தது, கடை இல்லை. எங்களுக்கு விஷயம் தெரிவதற்குள் வக்கீல் அவரை அழைத்துவந்து, தன் வீட்டு வாசலில், காம்பவுண்டுச் சுவரை ஒட்டிக் கடை போடச் சொல்லிவிட்டார். தெருவில் சிலர் முகம் சுளித்தார்கள். வீட்டு வாசலில் பங்ச்சர் கடையா, அதுவும் இந்தத் தெருவிலா என்று ஒரு கூட்டமாக வந்து கேட்டார்கள். வக்கீல் கதவிடுக்கு வழியாகப் பதில் சொன்னார்.

"நேக்குத் தனியா இருக்கப் பயமா இருக்கு. வாசல்ல மனுஷா இருந்தா தேவலை. உங்காத்துல யாராவது வந்து உக்காரறேளா?"

கூட்டம் கலைந்தது. பாயின் பிள்ளைகள் அந்த வாசலில்தான் பாடம் படித்து வளர்ந்தார்கள்.

சில வருஷம் கழித்து எனக்குக் கல்யாணம், தி.நகரில் ஒரு சின்ன சத்திரத்தில். மேடையில் நானும் மாப்பிள்ளையும் நின்றுகொண்டிருந்தோம். உறவுக்காரர்கள் வரிசையாக ஏறிவந்து ஆசீர்வாதம் செய்தார்கள். வக்கீல் மட்டும் பாயோடு கீழேயே நின்றார். மேடைக்குப் போட்டிருந்த பலகைகளை அவர் சந்தேகமாகப் பார்ப்பது எனக்குத் தெரிந்தது. ஒரு காலை வைப்பார், பலகை கிறீச்சிடும், எடுத்துவிடுவார். அங்கிருந்தே அட்சதையை எறிந்தார். அது வீடியோக்காரர் மேல் விழுந்தது.

நான் மாப்பிள்ளையின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு மேடையைவிட்டு இறங்கினேன். மணப்பெண் நடுவில் இறங்கக் கூடாது என்று பின்னாலிருந்து யாரோ சத்தம் போட்டார்கள். அவர் காலில் விழுந்தோம்.

"எழுந்திரும்மா, எழுந்திரு, யாராவது மிதிச்சுடப் போறா" என்று பதறிக்கொண்டே என் தலைமேல் கையை வைத்தார். அது கடகடவென்று நடுங்கியது. பூவெல்லாம் உதிர்ந்தது.

அன்று எத்தனையோ பேர் ஆசீர்வதித்தார்கள். யார் யார் என்று நினைவில்லை. அந்த ஒரு கையை மட்டும் நான் இன்னும் தலைமேல் வைத்துக்கொண்டுதான் நடமாடுகிறேன்.